இறுக்காமல் பூட்டும் கை

1970, 80களில் குடும்பத்தோடு அம்பாசிடரில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போனவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. பாதி மலை ஏறியதும் வண்டி ஓரங்கட்டும். டிரைவர் இறங்கிப் பானெட்டைத் தூக்கி வைப்பார். உள்ளிருந்து ஆவி கிளம்பும். பிள்ளைகளை எட்டப் போகச் சொல்லிவிட்டு, சூடு தணியும்வரை பீடி பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு ஈரச் சாக்கை மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் போட்டுத் திருகித் திறந்து, ஓடைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வந்து ஊற்றுவார். யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. அம்பாசிடர் என்றால் மலையில் கொதிக்கத்தான் செய்யும் என்று பழகிவிட்டோம்.

இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியில் மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்யத் தொடங்கிய வண்டி அது. 2014-ல் உற்பத்தி நின்றது. வாடகைக்கு ஓடிய வண்டிகள் பெரும்பாலும் காயலான் கடைக்குப் போய்விட்டன. மிச்சமிருப்பவற்றை ஆசைக்கு வைத்திருப்பவர்கள் பராமரிக்கிறார்கள். அவர்களில் பலருக்கு இப்போது ஒரு விருப்பம் வந்திருக்கிறது: வண்டியோடு வந்த செம்பு-பித்தளை ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, மாதிரி பார்த்துச் செய்து தரும் அலுமினிய ரேடியேட்டரைப் போட்டுக்கொள்வது. காசு கொடுத்து வாங்கி நாலு போல்ட்டை முடுக்கினால் ஆயிற்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கூடவே நின்று பார்க்கக் கோவைக்குப் போனேன்.

சூட்டுக்குக் காரணம்

மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தகரக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது அந்தப் பட்டறை. பழைய கார்கள் மட்டுமே உள்ளே வரும். நடத்துபவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். சிறுவனாக ஒரு பஸ் கம்பெனிப் பணிமனையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்து தொழில் கற்றவர். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே 1920-ல் ஒற்றை பஸ்ஸோடு ஜி.டி.நாயுடு இறங்கிய காலத்திலிருந்து, இந்த வட்டாரத்தில் மோட்டார் வேலை பஸ் பணிமனைகளில் வளர்ந்த வித்தை. அவருடைய கையிலும் அந்தப் பழக்கம் இருக்கிறது. எதைக் கழற்றினாலும் கழற்றிய வரிசையிலேயே ஒரு சாக்கின்மேல் அடுக்கி வைக்கிறார்.

உள்ளே நின்றது ஓர் அம்பாசிடர் மார்க் 2. 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். பஞ்சாலையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவருடைய தந்தை வாங்கிய வண்டி. குன்னூரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு இதிலேயே போய்வர வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடைசியாகப் போனபோது வண்டி மலைப்பாதையில் பர்லியாற்றைத் தாண்டவில்லை. அலுமினிய ரேடியேட்டரைச் சொல்லிச் செய்து வாங்கி, அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து பட்டறையில் வைத்திருந்தார். பிரித்துக் காட்டக் கை நீட்டியவரை மெக்கானிக் தடுத்தார்.

"அது பொட்டியிலயே இருக்கட்டுங்க சார். வண்டி எதுனால சூடாகுதுன்னு தெரியாம அதத் தொடக்கூடாதுங்க. கோளாறு வேற எங்கயோ இருந்துச்சுன்னா, புதுசும் ஆறு மாசத்துல பழசாயிரும்."

அன்று காலை முழுவதும் காரணம் தேடுவதிலேயே போயிற்று. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார், தளர்ந்திருந்தது. வாட்டர் பம்ப்பின் தண்டைப் பிடித்து ஆட்டினார், ஆட்டமில்லை. டைமிங் பார்த்தார். இக்னிஷன் பின்தங்கியிருந்தால் எரிபொருளின் சூட்டில் பெரும்பங்கு புகைவழிக்கும் சிலிண்டர் தலைக்கும் போய்ச் சேரும். அது பிசகில்லாமல் இருந்தது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய கூட்டைத் திறந்தார், காலியாக இருந்தது. சூடு குறையட்டும் என்று யாரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். நம் ஊரில் ஊரறிந்த வைத்தியம் இது. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே நெடுநேரம் பிடிக்கும். அதுவரை எண்ணெய் கெட்டியாகவே ஓடும், சிலிண்டர் தேயும், பெட்ரோலும் வீணாகும்.

பிறகு எஞ்சின் பிளாக்கின் பின்பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டும் வரவில்லை. உதவிக்கு இருந்த பையனிடம், "கண்ணு, அந்தக் கொடைக் கம்பிய எடு" என்றார். கம்பியை ஓட்டைக்குள் விட்டு நிதானமாகத் திருகினார். கொஞ்ச நேரத்தில் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவந்த சேறு பிதுங்கிக்கொண்டு வந்தது. அதன் பின்னால் கறுத்த தண்ணீர். கடைசி சிலிண்டரைச் சுற்றியிருந்த நீர்க்கூடு பாதிக்குமேல் அடைத்துப் போயிருக்கிறது. பல வருடம் ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பு முழுவதும் அங்கே படிந்திருந்தது. இந்தச் சேற்றோடு புது ரேடியேட்டரை மாட்டியிருந்தால் அதன் குழாய்கள்தான் முதலில் அதை வாங்கிக்கொண்டிருக்கும். எஞ்சினின் தண்ணீர் வாயில் ஹோஸைச் செருகி, தண்ணீர் வழக்கமாகப் போகிற திசைக்கு எதிர்த்திசையில் அடித்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினார்கள்.

ஈயமும் நவச்சாரமும்

பழைய ரேடியேட்டரை எடுத்துக்கொண்டு உக்கடம் பக்கம் ஒரு ரேடியேட்டர் பட்டறைக்குப் போனோம். அதைத் தூக்கிப் போடுவதா, சரிசெய்து வைப்பதா என்று கேட்டுவரத்தான்.

அங்கே இருந்த முதியவரை எல்லாரும் பாய் என்றே கூப்பிட்டார்கள். மேல் தொட்டியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, கீழ்வாயில் அது எப்படி இறங்குகிறது என்று பார்த்தார். "பாதி டியூப் அடைப்பு" என்றார். சந்தேகமிருந்தால் காரிலேயே பார்த்துவிடலாமாம். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிக்கொண்டே வந்தால், அடைத்த குழாய்கள் இருக்கும் இடம் மட்டும் குளிர்ந்திருக்கும்.

பக்கத்திலேயே ஒரு லாரி ரேடியேட்டருக்கு அவர் பத்து வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். புளோ லேம்ப்பின் தழலைத் தொட்டியின் ஓரத்தில் காட்டினார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். பளபளவென்று மினுங்கத் தொடங்கியதும் பித்தளைத் தொட்டியை இடுக்கியால் பிடித்து ஒரே தூக்கில் தூக்கினார். உள்ளே வரிசையாகக் குழாய்களின் வாய்கள். தட்டையான இரும்புப் பட்டையை ஒவ்வொரு குழாயிலும் மேலிருந்து கீழ்வரை விட்டு எடுத்தார். இதற்கு ராடு விடுவது என்று பெயர். கை கொஞ்சம் வேகமாகப் போனாலும் மெல்லிய பித்தளை கிழிந்துவிடும். முடிந்ததும் ஓரங்களைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கி, ஆசிட்டில் துத்தநாகம் கரைத்த திரவத்தைத் தடவினார். சூடேறிய செம்புக் கட்டியை நவச்சாரத்தில் தேய்த்தார். வெண்புகை எழுந்தது. செம்பின் நுனியில் ஈயம் வெள்ளியாகப் படர்ந்தது. அந்த நுனியை ஓரத்தில் இழுத்துக்கொண்டே போனார். ஈயம் இடுக்குக்குள் தானாக ஓடி நிரப்பியது. தண்ணீர்த் தொட்டியில் முக்கி, காற்றடித்து, குமிழி வராததைப் பார்த்தபின் தலையசைத்தார்.

இந்த வேலைக்குப் பின்னால் ஒரு விலை இருக்கிறது. அந்தப் புகையிலும் சுரண்டிய தூளிலும் ஈயம் இருக்கிறது. நரம்பையும் சிறுநீரகத்தையும் ரத்தத்தையும் அது மெல்ல மெல்லக் கெடுக்கும். துணியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் போகும். குழந்தைகளை இன்னும் கடுமையாகத் தாக்கும். அந்தப் பட்டறையில் முகமூடி இல்லை. புகையை இழுத்து வெளித்தள்ள ஒரு ஃபேன்கூட இல்லை. எத்தனையோ எஞ்சின்களைச் சூட்டிலிருந்து காத்த மனிதரை அந்தப் புகையிலிருந்து காக்க ஒருவரும் எதையும் செய்யவில்லை.

பழைய ரேடியேட்டரைப் பாய் மெக்கானிக்கிடம் திருப்பிக் கொடுத்தார். "இதக் கெலோ வெலைக்குப் போட்டுறாதீங்க. கோர் இன்னும் நல்லாயிருக்கு. க்ளீன் பண்ணிப் பத்து வெச்சுத் தரேன், வீட்ல வெச்சுக்கச் சொல்லுங்க. வழியில எங்க ஒழுகினாலும் இதுக்குப் பத்து வைக்க ஆள் கெடைக்கும். அதுக்குக் கெடைக்காது." அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

செம்பைவிட மேலா?

சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்தைவிடச் செம்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். அப்படியிருக்க அலுமினிய ரேடியேட்டர் எப்படி நன்றாகக் குளிர்விக்கிறது என்ற கேள்வி எனக்கு இருந்தது. விடை ரேடியேட்டரின் அமைப்பில் இருக்கிறது.

பழைய ரேடியேட்டரில் தண்ணீர் ஓடும் குழாய்கள் பித்தளை. சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் மடிப்புத் தகடுகள் செம்பு. பித்தளை, செம்பைப்போல் சூட்டைக் கடத்தாது. இரண்டையும் ஒட்டியிருக்கும் ஈயப் பற்று அதைவிட மந்தம். குழாய்களும் அரை அங்குல அகலம்தான். இரண்டு மூன்று வரிசையாக அடுக்க வேண்டியிருக்கும். அலுமினிய ரேடியேட்டரில் குழாயும் தகடும் ஒரே உலோகம். 600 டிகிரிக்குப் பக்கத்தில் உலையில் வைத்து ஒன்றாக இணைத்துவிடுகிறார்கள், இடையில் ஈயம் இல்லை. உறுதியும் எடைக்குறைவும் சேர்வதால் ஒரு அங்குலத்துக்கு மேலும் அகலமான குழாய்களைப் போட முடிகிறது. அதனால் தகட்டோடு தொடும் பரப்பு கூடுகிறது. கன அளவு ஒன்றாக இருந்தால் செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான் அலுமினியம்.

அதே சமயம் இந்த உலோகத்துக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, திரும்பத் திரும்ப முறுக்கினால் விரிசல் விடும். விரிந்த இடத்தைப் பத்து வைத்து அடைக்க முடியாது. இன்னொன்று, கெட்ட தண்ணீரும் வழிதவறிய மின்சாரமும் இதை உள்ளிருந்தே அரித்துவிடும். பொருத்துகிறவருடைய திறமை முழுவதும் இந்த இரண்டையும் தடுப்பதில்தான் இருக்கிறது.

அளவு பார்த்தல்

மறுநாள்தான் பெட்டியைப் பிரித்தார்கள். முதல் காரியமாகப் பையன் ஓர் அட்டையை ரேடியேட்டரின் அளவுக்கு வெட்டி, இரண்டு முகத்திலும் வைத்துக் கட்டினான். வேலையின்போது ஒரு ஸ்பேனர் தவறி விழுந்தாலும் தகடுகள் மடங்கிவிடும். மடங்கிய இடத்தில் காற்றுப் போகாது.

அம்பாசிடரில் ரேடியேட்டர் முன்பக்கத் தகரச் சட்டத்தில் பக்கவாட்டுப் போல்ட்டுகளால் நிற்கிறது. புதியதை இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். இடப்பக்கத் துளைகள் சரியாக இருந்தன. வலப்பக்கம் மேல் துளை ஒரு பென்சில் கனத்துக்கு விலகியிருந்தது. நெம்புகோலால் ஓர் இழுப்பு இழுத்தால் போல்ட் நுழைந்துவிடும் என்று எனக்கே தோன்றியது. வண்டிக்காரரும் அதைச் சொன்னார்.

மெக்கானிக் நெம்புகோலைத் தொடவே இல்லை. "இழுத்துப் பூட்டுனா இன்னிக்கு நிக்குமுங்க. ஆனா அந்த இழுப்பு உள்ளயே இருந்துட்டே இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது வேல செய்யும். தொட்டில்ல போட்ட கொழந்தையக் கயித்தால கட்டியா வெப்பாங்க? அது மாதிரித்தானுங்க. விழாம இருக்கோணும், ஆனா அசைய வழி இருக்கோணும்."

அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடல் தகரமே பாரத்தைத் தாங்குகிறது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் முன்பக்கச் சட்டம் முழுவதும் சற்றே முறுக்கிக்கொண்டு திரும்பும். செம்பு ரேடியேட்டரின் பக்கங்களில் இருந்த இரும்புச் சட்டம் அந்த முறுக்கைத் தாங்கிக்கொண்டது. அலுமினியத்தில் அது நேரே குழாய்கள் தொட்டியில் சேரும் மூலைக்குப் போய்விடும். இப்படி மாட்டிய ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அந்த மூலையில்தான் ஒழுகத் தொடங்குமாம்.

அடுத்தது, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி. குழாய்களும் தகடுகளும் சேர்ந்த புதிய கோர் பழையதைவிடத் தடிமன். அளந்தால் 18 மில்லிமீட்டர்தான் இருந்தது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், சட்டென்று பிரேக் போடும்போது முன்னே சாயும். அப்போது ஃபேன் இறக்கை தகட்டில் உரசினால் ரேடியேட்டர் அந்த இடத்திலேயே போய்விடும். குறைந்தது ஒரு அங்குலமாவது வேண்டும் என்றார். ரேடியேட்டரைச் சட்டத்தின் முன்பக்கமாக நகர்த்தி நிறுத்தப் புதுத் தாங்கிகள் செய்ய முடிவாயிற்று.

மேலே மூடி பானெட்டில் முட்டுமா என்று தெரிந்துகொள்ள, மூடியின் தலையில் ஓர் உருண்டைக் களிமண்ணை வைத்துப் பானெட்டை மெதுவாக இறக்கித் தூக்கினார். நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளந்தார். போதிய இடம் இருந்தது. கீழே ஹோஸ் வாய்களைத் தடவிப் பார்த்தார். வாயின் விளிம்பில் மேடாக ஒரு வளையம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும்போது கிளிப் இருந்தும் ஹோஸ் நழுவிவிடும். கீழ்வாயில் வளையம் இல்லை. அந்த வேலைக்காகக் கணபதிக்குப் போனோம்.

சிவக்காத உலோகம்

கணபதியில் லேத்துப் பட்டறைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் நடுவே, ஆர்கான் வெல்டிங் செய்கிற இளைஞர் ஒருவர் இருக்கிறார். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் ரேஸ் கார்களுக்கு வேலை செய்து பழகியவர். ஹோஸ் வாயில் பற்றவைப்புக் கம்பியால் ஒரு மணிவளையம் போடுவதும், ரேடியேட்டரின் பக்கச் சட்டத்தில் தாங்கிக் காதுகள் நான்கை ஒட்டுவதும் அவருடைய வேலை.

வெல்டிங்கைவிட அதற்கு முந்திய துடைப்புக்கு அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பிரஷ். இரும்பு தேய்த்த பிரஷ்ஷை அதன் பக்கத்தில்கூட வைப்பதில்லை. அலுமினியத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் எப்போதும் இருக்கும். உள்ளே இருக்கும் உலோகம் 660 டிகிரியில் உருகிவிடும். மேலே இருக்கும் படலத்துக்கு 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். படலத்தை நீக்காமல் சூடு காட்டினால், தோல் அப்படியே இருக்க உள்ளே உருகி ஒழுகிவிடும். அதனால்தான் இதற்கு ஏசி மின்னோட்டம் வைக்கிறார்கள். அதன் ஒரு பாதி படலத்தை உடைக்கிறது, மறுபாதி உருக்குகிறது.

"இரும்பு செவந்து காட்டிக் குடுத்துருங்ணா. இது செவக்காது. பாத்துட்டே இருப்போம், டக்னு கண்ணாடி மாதிரி மின்னும். அந்த நொடில கம்பியத் தொடோணும். ஒரு நொடி தாண்டுனா ஓட்டை" என்றார் மெக்கானிக்கைப் பார்த்து. கண்ணாடி மறைப்பைக் கொடுத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நீலச் சுடரின் நுனியில் ஒரு துளி மினுங்கியது, கம்பி தொட்டது, விலகியது. மறுபடி துளி, மறுபடி தொடல். முடிந்ததும் வாயைச் சுற்றி ஒரே அளவில் அடுக்கிய நெளிகள். பற்றவைத்தபின் உடனே தண்ணீரில் முக்கவில்லை. தானாக ஆறவிட்டு, பிறகு காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் சோதித்தார்.

ரப்பரும் புஷ்ஷும்

பட்டறைக்குத் திரும்பியபின் நடந்த வேலைதான் நான் பார்க்கப் போன வேலை. ரேடியேட்டரின் அடியில், குறுக்கே ஓடும் தகரத்தின்மேல் வாய் மேல்நோக்கிய ஒரு வாய்க்கால் பட்டையை வைத்து, அதற்குள் ரப்பர் ஷீட்டை மடித்து இட்டார். பஞ்சு ரப்பரைப் பையன் எடுத்து வந்தபோது வேண்டாம் என்றார். பஞ்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெண்தூளாக அரித்துப்போகும். கெட்டி ரப்பர்தான் போட்டார். தேங்கும் தண்ணீர் இறங்கப் பட்டையில் இரண்டு துளையும் போட்டார். ரேடியேட்டரின் முழு எடையும் அந்தப் படுக்கையில் உட்கார்ந்தது. பக்கத்துப் போல்ட்டுகளுக்கு எடை தாங்கும் வேலை இல்லை. சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும்.

தாங்கிக் காதுகளில் துளைகளை வட்டமாக விடாமல் நீள்வட்டமாக அரம் போட்டார். ஒவ்வொரு துளையிலும் இருபுறமும் ரப்பர் வளையம், நடுவே ஒரு சிறு இரும்புக் குழல். இந்தக் குழலுக்கு இங்கே புஷ் என்று பேர். போல்ட்டை எவ்வளவு முடுக்கினாலும் அது புஷ்ஷைத்தான் அழுத்தும். ரப்பர் அளவுக்கு மேல் நசுங்காது, ரேடியேட்டர் இறுகாது. போல்ட் கழன்றும் வராது. புஷ்ஷின் நீளத்தை ரப்பரின் கனத்தைவிட அரை மில்லிமீட்டர் குறைவாக லேத்தில் கடைந்து வாங்கியிருந்தார். பூட்டி முடித்ததும் மேல் தொட்டியை இரண்டு விரலால் தள்ளிக் காட்டினார். ஒரு நூலளவு நகர்ந்து, விட்டதும் தன் இடத்துக்கு வந்து நின்றது. நட்டின் தலையிலும் தாங்கியிலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டார். பின்னால் நட்டு கழன்றிருந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுக்கும்.

வண்டிக்காரர் எலக்ட்ரிக் ஃபேன் ஒன்றும் வாங்கி வைத்திருந்தார். கோருக்குள் பிளாஸ்டிக் ஊசிகளை நுழைத்து மாட்டுகிற வகை. மெக்கானிக் அதை மாட்ட மறுத்ததற்கு இரண்டு காரணங்கள் சொன்னார். வண்டி அதிர அதிர அந்த ஊசிகள் குழாயை அறுத்துவிடும். அடுத்து, இது டைனமோ வண்டி. டைனமோ கொடுப்பதே 22 ஆம்பியர் அளவுதான். இரவில் விளக்கும் வைப்பரும் ஓடும்போது ஃபேனும் சேர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் மாற்றாமல் இதைப் போடக்கூடாது. அதற்குப் பதில் பழைய ஃபேனையே வைத்து, அதைச் சுற்றி அலுமினியத் தகட்டில் ஒரு கூண்டு செய்தார். இறக்கையின் பாதி கூண்டுக்குள், பாதி வெளியே. கூண்டு இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே உள்ள வட்டத்தில் மட்டும் காற்றை இழுக்கும். மூலைகள் சும்மா கிடக்கும். கூண்டு இருந்தால் ரேடியேட்டரின் முழு முகமும் வேலை செய்யும். மலையில் வண்டி ஊர்ந்து ஏறும்போது இதுதான் கைகொடுக்கும்.

சிறுவாணியும் வேண்டாம்

"சிறுவாணித் தண்ணியே ஆனாலும் இதுக்குள்ள ஊத்தாதீங்க" என்று வண்டிக்காரரிடம் கண்டிப்பாகச் சொன்னார். தாது நீக்கிய தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மட்டுமே. அதில் சேர்த்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள்தான் வார்ப்பிரும்பு எஞ்சினுக்கும் அலுமினிய ரேடியேட்டருக்கும் நடுவே நின்று காக்கின்றன. அவை காலப்போக்கில் தீர்ந்துபோகும். டப்பாவில் போட்டிருக்கும் கெடுவுக்குள் மாற்றிவிட வேண்டும். கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். சிந்தியதைப் பையன் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்தான். தெருநாய்கள் நக்கிவிடும் என்றான்.

புதுத் தெர்மோஸ்டாட் போட்டார்கள். மூடி, பழைய அளவுக்கே 7 பவுண்டு அழுத்தத்துக்கானது. பெரிய மூடி போட்டால் இன்னும் நல்லதா என்று கேட்டேன். ஒரு பவுண்டு அழுத்தத்துக்குக் கொதிநிலை ஒன்றரை டிகிரிக்குச் சற்றுமேல் கூடும். 15 பவுண்டு போட்டால் கொதிக்கத் தாமதமாகும்தான். ஆனால் வாட்டர் பம்ப்பின் சீலும் ஹோஸ்களும் அந்த அழுத்தத்துக்குச் செய்தவை அல்ல. மலையில் மூடியின் வேலை இன்னும் முக்கியம். குன்னூர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும்.

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓட்டினார்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் சிக்கியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியே வந்தது. பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். கறுப்பு முனை பேட்டரியின் நெகட்டிவில், சிவப்பு முனை கூலன்ட்டுக்குள், உலோகத்தில் படாமல். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றையும் போடச் சொன்னார். 0.1 வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 0.3 காட்டியது. எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலான எர்த் பட்டை துருப்பிடித்திருந்தது. மின்சாரம் கூலன்ட் வழியாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இது கண்ணில் படாமல் போயிருந்தால் சில மாதங்களில் ரேடியேட்டர் ஊசித் துளைகளாக ஒழுகியிருக்கும். பட்டையை மாற்றித் தேய்த்துப் பூட்டியதும் 0.04-க்கு இறங்கியது.

மலை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சாலை ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏறுகிறது. வண்டிக்காரர் ஓட்ட, மெக்கானிக் முன்னால் உட்கார, பையனும் நானும் பின்னால். கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் யாரும் பேசவில்லை. இரண்டாவது கியரில், ஒரு லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே ஏறினோம். தனியாகப் பொருத்தியிருந்த வெப்பமானியின் முள் 90-ஐத் தாண்டவில்லை. பர்லியாற்றில் நிறுத்தி, மூடியைத் தொடாமல், ஹோஸ் வாய்களையும் மஞ்சள் கோடுகளையும் மட்டும் டார்ச் அடித்துப் பார்த்தார். கோடு எதுவும் விலகவில்லை. குன்னூரில் தங்கை வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, அந்த அம்மாள் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா காலத்துக்கு அப்புறம் இது இங்க வந்ததே இல்லீங்ணா" என்றார்.

பில்லைப் பார்த்தேன். ரேடியேட்டர், கூலன்ட், தெர்மோஸ்டாட், ஹோஸ், ஆர்கான் வெல்டிங் என்று பொருள்களுக்கெல்லாம் வரி இருந்தது. 'ரேடியேட்டர் மாட்டியது' என்று கூலிக்கு ஒரே வரி. அடைப்பைத் தேடிய காலையும், களிமண் வைத்து அளந்ததும், அரை மில்லிமீட்டர் கணக்குப் பார்த்த புஷ்ஷும், எர்த் தேடியதும் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிப் போயிருந்தன. ரேடியேட்டரின் விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு, இந்த வரியில்தான் நாம் எல்லாரும் குறைக்கச் சொல்கிறோம்.

இன்றைய கார்களில் பிளாஸ்டிக் தொட்டி வைத்த ரேடியேட்டர். ஒழுகினால் கழற்றி எறிந்து வேறு மாட்டுவதுதான் வழக்கம். பத்து வைக்கும் கையும், இறுக்காமல் பூட்டும் கையும் அந்த வழக்கத்தில் தேவைப்படுவதில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் கொடுக்கும் வேலைதான் இந்த இரண்டு வித்தையையும் இனித் தாங்க வேண்டும்.

ஆகவே அவர்களிடம் சில வேண்டுகோள்கள். சூட்டின் காரணத்தைத் தேடி முடிக்காமல் அலுமினிய ரேடியேட்டருக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். வாங்கினால், அளந்து பொருத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள்; அவர் அளக்க எடுத்துக்கொள்ளும் நேரத்துக்கும் கூலி கொடுங்கள். செம்பு ரேடியேட்டரை எடைக்குப் போடாமல் சரிசெய்து வீட்டில் வையுங்கள். அதற்குப் பத்து வைக்கிறவரிடம் போகும்போது, ஈயப் புகைக்கு ஏற்ற நல்ல முகமூடி ஒன்றை வாங்கிக்கொண்டு போங்கள்.